பியானோ ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எட்டு வயது மகளுக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் எங்கள் யாருக்கும் இசை தெரியாது. விசாரித்ததில் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் டிப்ளமோ முடித்தவர், மேடைகளில் வாசிப்பவர். இன்னொருவர் கிரேடு 8 முடித்த இளம்பெண், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித்தருகிறார். எங்களைப் போன்றவர்கள் ஆசிரியரின் தகுதியை எப்படி எடைபோடுவது? சான்றிதழைப் பார்த்தால் போதுமா?

பதில்:

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வாரம் ஒரு வகுப்பு, அரை மணி நேரம். மீதி ஆறு நாளும் உங்கள் மகள் பியானோ முன்னால் தனியாகத்தான் உட்காரப் போகிறாள். நாளுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆசிரியரோடு இருப்பதைப் போல நான்கு மடங்கு நேரம் ஆசிரியர் இல்லாமல் கழிகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பத் தெரிந்தவர்தான் நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து. நல்லவேளையாக, இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணும் காதும் திறந்து வைத்திருந்தால் போதும்.

சான்றிதழ் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். பியானோ ஆசிரியராக இருக்க உரிமம் வாங்க வேண்டும் என்ற நிலை பெரும்பாலான இடங்களில் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் தேர்வு வாரியங்களின் சான்றிதழ்களைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதிகம் கேள்விப்படுவது 1889இல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி காலேஜ் லண்டன், டொரான்டோவில் இருக்கும் ராயல் கன்சர்வேட்டரி ஆகியவை. முதல் இரண்டிலும் கிரேடு 8 வரை போய், அதற்குமேல் டிப்ளமோக்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் கிரேடு 8 என்றால் இப்போது இரண்டு வழி. ஒன்று பழைய பிராக்டிகல் கிரேடு. மொத்தம் 150 மதிப்பெண்: மூன்று பீஸுக்கு, அதாவது இசைத் துண்டுகளுக்கு, தலா 30, ஸ்கேல்களுக்கும் (சுர வரிசைகள்) ஆர்பெஜியோக்களுக்கும் (தாவித் தாவிப் போகும் சுர வரிசைகள்) 21, சைட் ரீடிங்குக்கு (முன்பு பார்த்திராததைப் பார்த்தவுடன் வாசிப்பது) 21, காதால் கேட்டுப் பதில் சொல்லும் தேர்வுக்கு 18. இன்னொன்று 2020இல் வந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு. இதில் நான்கு பீஸ்களைத் தொடர்ச்சியாக வாசித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30, மொத்த நிகழ்ச்சிக்கும் சேர்த்து 30. சைட் ரீடிங் கிடையாது, காது சோதனை கிடையாது, ஸ்கேல் கிடையாது. தரம் குறைந்த தேர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருபவரிடம் நாம் எதிர்பார்க்கும் இரண்டு முக்கியமான திறமைகள், அதாவது புதிய நோட்டேஷனை (எழுதிய இசைக்குறிகளை) பார்த்தவுடன் வாசிப்பதும் கேட்டதைப் புரிந்துகொள்வதும், அதில் சோதிக்கப்படவில்லை. அதனால் கிரேடு 8 என்று சொன்னால் எந்த வழியில் என்று கேளுங்கள். பிராக்டிகல் என்றால் மதிப்பெண் தாளைப் பார்க்கலாமா என்று கேட்பதிலும் தப்பில்லை. 150க்கு 100 எடுத்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். அந்தத் தாளில் சைட் ரீடிங் வரி எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு பிடிபடும்.

டிப்ளமோவிலும் இதே கதைதான். ஏ.பி.ஆர்.எஸ்.எம். தரும் ஏ.ஆர்.எஸ்.எம். என்பது முழுக்க வாசிப்புக்கான டிப்ளமோ. அரை மணி நேர நிகழ்ச்சியை எப்படி வாசிக்கிறார் என்று பார்ப்பார்கள், கற்பிக்கத் தெரியுமா என்று பார்க்கமாட்டார்கள். கற்பித்தலுக்கென்றே உள்ள தகுதிகள் தனி. பாடம் திட்டமிடுவது, மாணவரின் தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, வயதுக்கேற்ற பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அவற்றில் வரும். அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய எம்.டி.என்.ஏ. என்ற இசை ஆசிரியர் சங்கம் ஆசிரியர்களுக்கு என்.சி.டி.எம். என்று ஒரு சான்று தருகிறது. ஐரோப்பாவில் 1978இல் தொடங்கிய எப்டா என்ற பியானோ ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இப்படி ஒரு சங்கத்தில் இருப்பவர் மற்ற ஆசிரியர்களோடு பேசிப் பழகுகிறார், பயிற்சிகளுக்குப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவர் மோசம் என்று அர்த்தமில்லை. ஆக, டிப்ளமோ என்று காதில் விழுந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: வாசிப்பிலா, கற்பித்தலிலா?

பெருமைக்காகச் சொல்லப்படும் சில விஷயங்களைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். "என் குருவின் குருவின் குரு லிஸ்ட்டிடம் படித்தவர்" என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பியானோ கலைஞரான லிஸ்ட்டிடம் நூற்றுக்கணக்கானவர்கள் படித்தார்கள், அவர்களின் சீடப் பரம்பரை உலகம் முழுக்கப் பரவிக்கிடக்கிறது. இன்னொரு பக்கம் பியானோ இசை மேதை ஷோபனைப் பாருங்கள். அவருடைய முதல் பியானோ ஆசிரியர் வோய்ச்சேக் ஜிவ்னி அடிப்படையில் ஒரு வயலின்காரர். இதைக் கேட்டுவிட்டு வயலின்காரரிடம் மகளை அனுப்பாதீர்கள், உங்கள் மகள் ஷோபனாக இருந்தால் யாரிடம் அனுப்பினாலும் பிழைத்துக்கொள்வாள்!

சரி, சான்றிதழ் பார்த்தாயிற்று. அடுத்தது நேரில் பார்ப்பது. உண்மையில் முடிவு இங்கேதான்.

பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு ட்ரயல் கிளாஸ் தருவார்கள். ஆனால் உங்கள் மகள் புத்தம் புதியவள். முதல் அரை மணியில் அவளுக்கு எல்லாமே விளையாட்டாகத்தான் இருக்கும், ஆசிரியரும் தன் இனிமையான முகத்தைத்தான் காட்டுவார். அதோடு நிறுத்தாமல், ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்பதால் எல்லா நேரமும் கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள்.

அங்கே என்ன பார்ப்பது? பிள்ளை தப்பு செய்யும் இடத்தைப் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜி மேஜரில் ஒரு சின்ன பீஸ். அதில் எஃப் வரும் இடமெல்லாம் எஃப் ஷார்ப், அதாவது கறுப்புக் கட்டையை அடிக்க வேண்டும். பிள்ளை ஏழாவது மெஷரில் (தாளக் கட்டத்தில்) மறந்துபோய் வெள்ளைக் கட்டையை அடித்துவிடுகிறது. சாதாரண ஆசிரியர் "எஃப் ஷார்ப்!" என்று குரல் கொடுப்பார். பிள்ளை திருத்திக்கொண்டு மேலே போகும், அல்லது முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆறு மெஷர் சரியாகப் போகும். ஏழாவதில் மறுபடி அதே தப்பு. மறுபடி "எஃப் ஷார்ப்!" அரை மணி இப்படியே ஓடிவிடும். வீட்டுக்குப் போனால் குரல் கொடுக்க ஆள் இருக்காது, அந்தத் தப்பு ஒரு வாரம் உரம் போட்டு வளரும்.

நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்துவார். ஏனென்றால் அந்த ஒரு தப்புக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வரியின் தொடக்கத்தில் போட்டிருக்கும் ஷார்ப் குறியைப் பிள்ளை பார்க்கவே இல்லை. இரண்டு, பார்த்தது, தெரியும், ஆனால் கையை வெள்ளைக் கட்டைகளின் விளிம்பிலேயே வைத்திருக்கிறது. கறுப்புக் கட்டை எட்டும் தூரத்தில் இல்லை, விரல் போய்ச் சேர்வதற்குள் தாளம் ஓடிவிடுகிறது. மூன்று, தப்பான சுரம் ஒலித்தது காதுக்கே உறைக்கவில்லை. முதலாவதற்கு மருந்து, வாசிக்கும் முன்பே அந்தப் பக்கத்தில் எஃப் எங்கெல்லாம் வருகிறது என்று பிள்ளையையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது. இரண்டாவதற்கு, கையை ஓரங்குலம் உள்ளே தள்ளி வைத்து அந்த ஒரு மெஷரை மட்டும் மெதுவாக வாசிக்க வைப்பது. மூன்றாவதற்கு, ஆசிரியர் இரண்டு விதமாகவும் வாசித்துக்காட்டி, எது அந்தப் பாட்டு என்று கேட்பது, அல்லது அந்த வரியைப் பாடவைப்பது. மூன்றில் எது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு கேள்வி கேட்பார், இல்லையென்றால் சற்றுக் குனிந்து கையைப் பார்ப்பார். அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஆசிரியரின் தகுதியைப் பற்றி வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் அவர் அந்த ஒரு மெஷரை முந்தைய மெஷரோடு ஒட்டவைப்பார், பிறகு அடுத்ததோடு. முதலிலிருந்து ஓடவிடமாட்டார். முக்கியமானது, வகுப்பின் முடிவில் நோட்டுப்புத்தகத்தில் என்ன எழுதுகிறார் என்பது. "பக்கம் 12, பயிற்சி செய்யவும்" என்று எழுதினால் அது பாடம் அல்ல, பக்க எண். "ஏழாவது மெஷர் மட்டும், வலது கை, மெதுவாக, மூன்று தடவை தப்பில்லாமல். பிறகு ஆறும் ஏழும் சேர்த்து. இரண்டு கையும் சேர்க்க வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று எழுதினால், மகள் வீட்டில் அதைச் செய்கிறாளா என்று இசை தெரியாத அம்மாகூடப் பார்க்க முடியும். இன்னும் நல்ல ஆசிரியர்கள் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குவார்கள். "வீட்டில் எப்படி வாசிப்பாய், எனக்குச் செய்து காட்டு" என்று சொல்லிப் பிள்ளையைப் பயிற்சி செய்ய வைத்துப் பார்ப்பார்கள். ஏற்கனவே அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் ரொம்ப நல்லது.

உடம்பைப் பற்றி அவர் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். கால் தொங்கினால் முதுகு வளையும், தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு இறுகும். காலுக்கு அடியில் ஒரு மனையோ பெட்டியோ வைப்பவர், பெஞ்சின் உயரத்தை மாற்றி முழங்கை ஏறத்தாழ கட்டைகளின் மட்டத்துக்கு வருகிறதா என்று பார்ப்பவர், விஷயம் தெரிந்தவர். "வலித்தால்தான் விரல் பலப்படும்" என்று சொல்பவரிடம் ஒரு நாள்கூட அனுப்ப வேண்டாம். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இருபதுகளின் தொடக்கத்திலேயே வலக்கை பழுதாகிப் பியானோ கலைஞராகும் கனவை விட்டவர். விரலைப் பலப்படுத்த ஏதோ கருவி மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று சொல்வார்கள், சரியான காரணம் எது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியோ, வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வது எந்த மரபிலும் நல்ல போதனை இல்லை.

கையை எப்படி வைப்பது என்பதில் மரபுக்கு மரபு வித்தியாசம் உண்டு. சிலர் ஐந்து விரலையும் சியிலிருந்து ஜி வரை வரிசையாக வைத்துத் தொடங்குவார்கள். ரஷ்ய வழியில் வந்தவர்கள் நடுவிரல் ஒன்றால், முழுக் கையின் எடையோடு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்க வைத்துத் தொடங்குவார்கள். சுஸுகி முறையில் முதலில் காது, நோட்டேஷன் பிறகு. பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஷோபன் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்தமானது. பெருவிரலை ஈ என்ற வெள்ளைக் கட்டையில் வைத்து, நீளமான மூன்று விரல்களையும் அடுத்த மூன்று கறுப்புக் கட்டைகளில் வைத்து, சுண்டுவிரலை பீ என்ற வெள்ளைக் கட்டைக்கு விட்டுவிடுவார். வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே வைத்துப் பாருங்கள், கை தானாகவே அழகாக வளைந்துகொள்ளும். எல்லோரும் எளிது என்று முதலில் சொல்லித்தரும் சி மேஜர் ஸ்கேலை அவர் கடைசிக்குத் தள்ளினார், கறுப்புக் கட்டைகள் நிறைந்த பீ மேஜரை முதலில் வைத்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எந்த வழி என்பது பெரிய விஷயமில்லை. ஏன் இந்த வழி என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்க வேண்டும். "எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்" என்பது பதில் ஆகாது.

அடுத்தது நோட்டேஷன் வாசிப்பு. பெற்றோர் ஏமாறும் இடம் இது. மூன்று மாதத்தில் பிள்ளை ஒரு பிரபலமான மெட்டை இரண்டு கையாலும் வாசித்துக் காட்டுகிறது, வீடே பூரித்துப்போகிறது. ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே எழுத்தையோ விரல் எண்ணையோ எழுதிக்கொடுத்திருக்கிறார், பிள்ளை அதைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறது. பத்துப் பாட்டை ஒப்பிக்கும் குழந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது இல்லையா, அப்படித்தான் இதுவும். தொடக்கத்தில் சில வாரம் எழுதிக்கொடுப்பதில் தப்பில்லை. ஒரு வருடம் கழித்தும் எழுத்து இருந்தால்தான் கவலை. சோதிப்பது சுலபம்: அந்த ஆசிரியரிடம் ஒரு வருடம் படித்த பிள்ளையிடம், அது பார்த்திராத, அதன் நிலைக்குக் கொஞ்சம் கீழே உள்ள நான்கு மெஷர் கொடுத்து வாசிக்கச் சொன்னால், தடுமாறினாலும் தானாக வாசித்து முடிக்க வேண்டும்.

இதோடு ஒட்டியதுதான் தேர்வு மோகம். கிரேடு தேர்வுகள் நல்லவைதான், ஒரு இலக்கு கிடைக்கிறது, வெளியாள் ஒருவர் கேட்டுக் கருத்துச் சொல்கிறார். ஆனால் வருடத்துக்கு ஒரு கிரேடு என்று வைத்துக்கொண்டு, அந்த வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பீஸை மட்டும் அரைத்துக்கொண்டிருக்கும் வகுப்புகள் ஏராளம். கிரேடு 5 வரை வந்த பிள்ளைக்கு மொத்தம் பதினைந்து பீஸ்தான் தெரியும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. பிறகு ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் கிரேடு 6க்குப் போக வேண்டுமானால் கிரேடு 5 தியரியோ (இசை இலக்கணத் தேர்வு) அதற்கு இணையான ஒன்றோ முடித்திருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்து நிற்கும். அதுவரை தியரியைத் தொடாமல் வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக மனப்பாடம் செய்வார்கள். ஆசிரியரிடம் "ஒரு வருடத்தில் மாணவர்கள் எத்தனை பீஸ் வாசிப்பார்கள்?" என்று கேளுங்கள். தேர்வு பீஸுக்கு வெளியே ஒரு வாரத்தில் முடியும் சின்னச் சின்ன பீஸ்களும், ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கும் டூயட்களும், பிள்ளைக்குப் பிடித்த பாட்டுகளும் இருந்தால் சரி. "எங்கள் மாணவர்கள் நூறு சதவீதம் பாஸ்" என்பது எனக்குக் காதில் ஏறாது. தயாராகாத பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பாமல் இருந்தாலே அந்த நூறு வந்துவிடும்.

இன்னொன்று, கீபோர்டு ஆசிரியர் வேறு, பியானோ ஆசிரியர் வேறு. கீபோர்டில் இடது கை ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) அழுத்தினால் ரிதமும் பக்கவாத்தியமும் கருவியே போட்டுக்கொள்ளும். அதற்கென்று தனிக் கலை உண்டு, டிரினிட்டியில் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனி கிரேடே இருக்கிறது. ஆனால் பியானோவில் இடது கை வலது கைக்குச் சமமாக உழைக்க வேண்டும், ஒலியின் அளவு விரலின் வேகத்தில் இருக்கிறது, பெடலைக் காதால் கேட்டு மாற்ற வேண்டும். கீபோர்டு மட்டும் படித்தவர் பியானோவும் எடுக்கிறேன் என்றால் யோசியுங்கள். இதே காரணத்துக்காக, நல்ல ஆசிரியர் முதல் பேச்சிலேயே "வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார். எடையில்லாத 61 கட்டைக் கீபோர்டில் சில மாதம் ஓட்டலாம். அதற்குமேல் 88 கட்டை, நிஜப் பியானோவைப் போலக் கனமாக அழுந்தும் ஹேமர் ஆக்‌ஷன், பெடல் உள்ள டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். நிஜப் பியானோ என்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது டியூனிங். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆசிரியர் வகுப்பு இல்லாத அந்த ஆறு நாட்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஆன்லைன் வகுப்பு எப்படி என்று யோசித்தால், எட்டு வயதில் தொடங்குபவளுக்கு நான் நேர் வகுப்பைத்தான் சொல்வேன். மணிக்கட்டைத் தொட்டுத் தளர்த்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். வேறு வழியில்லை என்றால், கைகளும் கட்டைகளும் தெரியும்படி கேமராவை எங்கே வைப்பது என்று ஆசிரியரே சொல்கிறாரா பாருங்கள். ஜூம் போன்றவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, பியானோவின் நீளும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பைப் போடச் சொல்பவர் அந்த ஊடகத்தில் பழகியவர்.

நேரில் பேசும்போது கேட்க எனக்குப் பிடித்த கேள்விகள் சில உண்டு. முதல் கேள்வி: "பிள்ளை ஒரு வாரம் முழுக்கப் பயிற்சியே செய்யாமல் வந்தால் அந்த வகுப்பில் என்ன செய்வீர்கள்?" திட்டுவேன், பெற்றோரைக் கூப்பிடுவேன் என்பது ஒரு வகைப் பதில். "அன்றைக்குச் சேர்ந்தே பயிற்சி செய்வோம், எப்படிச் செய்வது என்று காட்டுவேன், அல்லது சைட் ரீடிங்கும் டூயட்டும் வாசிப்போம், ஏன் முடியவில்லை என்றும் கேட்பேன்" என்பது இன்னொரு வகை. எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது: "சமீபத்தில் உங்களிடமிருந்து நின்றுபோன மாணவர் ஏன் நின்றார்?" யாருமே நின்றதில்லை என்றால் நம்பாதீர்கள். எல்லாப் பழியையும் பிள்ளை மேல் போட்டாலும் உஷாராகுங்கள். மூன்றாவது, இப்போது அவர் தனக்காக என்ன வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது. இதற்கு முகம் மலர்கிறதா என்று மட்டும் பாருங்கள், பெயர்கள் உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. முடிந்தால் ஒரு நிமிடம் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் கட்டையைத் தொடவே தொடாத ஆசிரியரிடம் பிள்ளைக்கு நல்ல ஒலி எது என்று காதில் ஏறாது.

கட்டண விஷயங்கள் சுருக்கமாக: வகுப்பை யார் ரத்து செய்தால் என்ன, விடுமுறைக்குப் பணம் உண்டா, நிறுத்துவதானால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெற்றோர் எந்த வகுப்பிலும் உட்காரலாம், அறைக் கதவு திறந்திருக்கும் என்பதற்கு ஒப்புக்கொள்ளாதவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் வேண்டாம். கையைத் தொட்டுத் திருத்தும் முன் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தொடுபவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல பழக்கம்.

இனி உங்கள் இரண்டு பேர். மேடைக் கலைஞர் மோசமான ஆசிரியராக இருப்பார் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது, நான் அதை ஏற்பதில்லை. நன்றாக வாசிப்பவரின் காது பிள்ளைக்கு ஒரு சொத்து. ஆனால் அவரிடம் நிச்சயமாகக் கேளுங்கள்: ஒன்றுமே தெரியாத பிள்ளைகளை எத்தனை பேரைத் தொடக்கத்திலிருந்து வளர்த்திருக்கிறீர்கள், நிகழ்ச்சி இருக்கும் மாதங்களில் வகுப்பு எப்படி நடக்கும்? பலருக்கு வளர்ந்த மாணவர்கள்தான் வருவார்கள், தொடக்கநிலையில் பொறுமை இருக்காது. அவரே அதை ஒப்புக்கொண்டு "மூன்று நான்கு வருடம் கழித்து என்னிடம் வரட்டும்" என்று சொன்னால் நேர்மையான மனிதர், எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேடு 8 முடித்த இளம்பெண்ணைப் பொறுத்தவரை, தொடக்கநிலைக்கு அந்த வாசிப்புத் தகுதி தாராளம். நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். கிரேடு 8 எந்த வழியில் முடித்தார், அவருடைய சைட் ரீடிங் எப்படி என்பது ஒன்று. அவர் இன்னும் ஒரு மூத்த ஆசிரியரிடம் படித்துக்கொண்டிருக்கிறாரா, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா என்பது இரண்டு. இளம் ஆசிரியர்களுக்கு இது ரொம்ப அவசியம், இல்லையென்றால் தமக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தையே அப்படியே திருப்பிச் செய்வார்கள். எந்த நிலை வந்ததும் பிள்ளையை வேறு ஆசிரியரிடம் அனுப்புவார் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறதா என்பது மூன்று. கிரேடு 5 அல்லது 6 வரை என்று சொன்னால் நியாயமான பதில்.

நீங்கள் சொன்ன அளவில், நான் முதலில் அந்த இளம்பெண்ணின் வகுப்பைப் போய்ப் பார்ப்பேன். ஏழாவது மெஷரில் அவர் என்ன செய்கிறார், நோட்டுப்புத்தகத்தில் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்ப்பேன், ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டமாட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மகள் வீட்டில் பயிற்சி செய்யும்போது பக்கத்து அறையிலிருந்து கேளுங்கள். தடுக்கின இடத்தில் நின்று, அந்த இடத்தை மட்டும் எடுத்து மெதுவாகத் திரும்ப வாசிக்கிறாள் என்றால் அவரிடமே தொடரலாம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால், ஆசிரியரிடம் அதைச் சொல்லி ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் ட்ரயல் கிளாஸுக்கு நேரம் கேளுங்கள்.